அம்மா உள்ளே வரும் பக்கம்

காலையிலிருந்து குட்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் ஜன்னல் வரை போய்த் திரும்பத் தோன்றியது. ஜன்னலில் பார்க்கவும் ஒன்றுமில்லை, எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்தான். பென்சில்களைச் சீவினாள். சீவியதையே மறுபடியும் சீவினாள். டீ போட்டாள், குடிக்க மறந்தாள், ஆறிப்போனதைத் தொட்டியில் கொட்டிவிட்டு இன்னொரு டீ போட்டாள். மேசை மேல் அகலமான ஒரு வெள்ளைத்தாள் காலையில் வைத்தபடியே கிடந்தது.

குட்டி என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். வயது நாற்பத்து மூன்று. முன்நெற்றியில் நரை விழுந்து, சாயம் போடுவதா வேண்டாமா என்கிற பஞ்சாயத்து நடந்து, வேண்டாம் என்று தீர்ப்பும் ஆகிவிட்டது. குழந்தைகளின் படப் புத்தகங்களுக்குப் படம் வரைவது அவள் தொழில். வீட்டில் வைத்த செல்லப் பெயர் விட்டுப் போக மறுத்துப் பசை மாதிரி ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

அவள் படம் போடும் வரிசைக்கு 'முதலில் போனவர்கள்' என்று பெயர். எந்தப் பெண்ணும் எட்டிப் பார்க்காத வேலைக்கு முதல் ஆளாகப் போன பெண்களின் கதைகள். பக்கத்துக்கு இரண்டு வரி எழுத்து, மீதியெல்லாம் படம். விமானம் ஓட்டியவர், மலை ஏறியவர், நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தவர் என்று ஐந்து பேரை வரைந்து முடித்திருந்தாள். ஐந்தும் நன்றாக விற்றன. பள்ளி விழாக்களில் பிள்ளைகள் அந்தப் பெண்களைப் போல வேஷம் போட்டுக்கொண்டு மேடை ஏறினார்கள். அதில் குட்டிக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

ஆறாவது புத்தகம்தான் வினையாக வந்து சேர்ந்தது. துறைமுகத்தில் முதன்முதலாக கிரேன் ஓட்டிய பெண். பதிப்பகத்தின் ஆசிரியர், குட்டியைவிட வயதில் இளையவர், பழைய செய்தித்தாள் ஒன்றில் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டு, உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று கூடத் தெரியவில்லையே என்று போனில் பரபரத்தார். குட்டி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. உயிரோடுதான் இருக்கிறார், என்னைப் பெற்ற அம்மாதான் அவர் என்று சொல்லித் தொலைத்தாள். பிறகு ஆசிரியர் போட்ட குதியாட்டம் போனிலேயே கேட்டது. பெற்ற மகளே வரைந்த புத்தகம் என்று பின்னட்டையில் கொட்டை எழுத்தில் போடலாம் என்றார். குட்டிக்கு அப்போதே வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. ஆனால் என்ன சாக்குச் சொல்லி மறுப்பது?

ஆசிரியர் அம்மாவோடு போனில் மணிக்கணக்காகப் பேசிக் கதையை எழுதி அனுப்பினார். குட்டியும் மளமளவென்று வரைந்தாள். ஏணியில் ஏறும் அம்மா, வானத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் அம்மா, கீழே தீப்பெட்டிகளாகக் கண்டெய்னர்கள், இவளால் முடியாது என்று அண்ணாந்து பார்த்துச் சிரிக்கும் ஆண்கள், அடுத்த பக்கத்தில் வாயடைத்து நிற்கும் அதே ஆண்கள். எல்லாம் வந்துவிட்டது. வண்டி நின்றுபோனது கடைசி விரிப்பில்தான். புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படமாகத் தெரியுமே, அதைத்தான் இந்தத் தொழிலில் விரிப்பு என்பார்கள். அந்த விரிப்புக்கு ஆசிரியர் எழுதியிருந்தது இது:

'வேலை முடிந்ததும் அம்மா ஓடோடி வருவாள். வாசலில் காத்திருக்கும் குட்டி தாவிக் கட்டிக்கொள்வாள்.'

இந்த வரிசையில் ஒவ்வொரு புத்தகமும் வீட்டில்தான் முடிய வேண்டும் என்பது ஆசிரியரின் கண்டிப்பு. எவ்வளவு உயரம் ஏறினாலும் கடைசியில் அந்தப் பெண் வீட்டுக்கு வந்து ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் வாங்குகிற பெற்றோருக்கு மனசு நிறையும் என்பார். முன்பு வரைந்த ஐந்து பேருக்கும் குட்டி அதைக் கூசாமல் வரைந்து கொடுத்தாள். யார் வீட்டுப் பிள்ளையோ, யார் வீட்டு வாசலோ, அவளுக்கென்ன வந்தது? இப்போது சொந்த வாசல். எத்தனை முறை வரைந்தாலும் சோப்பு விளம்பரம் மாதிரியே வந்தது. கிழித்துப் போட்ட தாள்கள் குப்பைக்கூடையை மீறித் தரையில் உருண்டன.

காரணம் அவளுக்குத் தெரியாததல்ல. அவள் ஒரு நாளும் வாசலில் காத்திருந்ததில்லை. அம்மா வேலையிலிருந்து வந்து அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

கிரேன் ஓட்ட வந்த பொம்பளையை எப்படியாவது ஓட்டிவிட வேண்டும் என்று அம்மாவுக்குத் தொடர்ந்து இரவு வேலையே போட்டார்கள். அம்மா ஓடவில்லை, வருஷக்கணக்காக ராத்திரி வேலையையே பார்த்தாள். விடியும் முன்பே வீட்டுக்கு வந்து விழுவாள். குட்டி எழுந்திருக்கும்போது உள்ளறைக் கதவு சாத்தியிருக்கும். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் அப்பா உதட்டில் விரலை வைத்துக் காட்டுவார். வீட்டிலேயே தைத்துப் பிழைத்தவர் அவர். தலை பின்னிவிட்டது, சோறு போட்டது, காய்ச்சலில் ராத்திரி முழுக்க விழித்தது எல்லாம் அவர்தான். சாயங்காலம் குட்டி பள்ளியிலிருந்து வந்தால் அம்மா எழுந்திருப்பாள், ஆனால் எழுந்த நிமிஷத்திலிருந்தே கிளம்பிக்கொண்டிருப்பாள். சாப்பாட்டு டப்பாவை மூடுவாள், தலையை இறுக்கி முடிவாள், பையை மாட்டுவாள், போய்விடுவாள். தெருமுனையில் அந்த முதுகு திரும்பி மறைகிற வரை குட்டி பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கு அம்மா என்றால் கிளம்பிப் போகிறவள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சாதித்த அம்மாவுக்குப் பிள்ளையாகப் பிறந்துவிட்டு மூக்கைச் சிந்தினால் நன்றாகவா இருக்கும்? ஆனால் இந்த விரிப்பை வரைந்தால் தன் பிள்ளைப் பருவத்துக்குத் தானே வெள்ளையடித்தது போல் ஆகிவிடும். அதற்குக் கீழே தன் கையெழுத்து வேறு. வரையாமல் விட்டாலோ, ஏன் வரையவில்லை என்று அம்மாவிடம் சொல்ல வேண்டிவரும். இரண்டில் அவளுக்குப் பெரிய பயம் அந்த இரண்டாவதுதான். நாளை மாலைக்குள் படங்கள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

ஆசிரியர் போன் செய்தார். ஆச்சா என்றார். ஆகிக்கொண்டே இருக்கிறது என்று குட்டி மென்று விழுங்கினாள். ஒரு வண்ணம் மட்டும் பாக்கியா என்று அவர் கேட்டதற்கு, ஆமாம், வண்ணம் மட்டும்தான் என்று அடுத்த பொய்யையும் சொல்லிவிட்டு வைத்தாள். வைத்த கையோடு அழைப்பு மணி அடித்தது.

அம்மா.

வரச் சொல்லவில்லை. படங்களைக் காட்டு, காட்டு என்று அம்மா பல நாளாகக் கேட்க, இதோ அதோ என்று குட்டி போக்குக் காட்டிக்கொண்டே வந்தாள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், பஸ் பிடித்துத் தானே கிளம்பி வந்துவிட்டாள். லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் மூன்று மாடி. அறுபத்தெட்டு வயது, இரண்டு முட்டியும் தேய்ந்து போனவை. ஆனாலும் அம்மா நடுவில் நிற்காமல் ஏறித்தான் வருவாள். நின்றால் முட்டி அங்கேயே பந்தல் போட்டு உட்கார்ந்துவிடும் என்பாள்.

"குடி முழுகிப் போச்சா என்ன? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றபடியே செருப்பைக் கழற்றினாள். உயரத்திலிருந்து கீழே இருப்பவர்களிடம் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து வீட்டுக்குச் சேர்த்துச் சொல்வது போல இருக்கும்.

முடிந்த படங்களைக் கூடத்துச் சுவரோரமாக வரிசையாகத் தரையில் வைத்திருந்தாள் குட்டி. புத்தகம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்கு அதுதான் வசதி. அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சோதனை போட வந்த அதிகாரி தோரணையில் முதல் படத்திலிருந்து நடக்கத் தொடங்கினாள். அட்டைப்படத்தைப் பார்த்து, போனவர்களா, நான் இன்னும் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே என்றாள். மூக்கைப் பார்த்து, இவ்வளவு எடுப்பான மூக்கு இருந்திருந்தால் சினிமாவுக்கே போயிருப்பேன், எதற்குத் துறைமுகத்துக்குப் போகிறேன் என்றாள். குட்டி சிரித்தாள். ஆனால் அம்மாவின் கால்கள் கடைசிப் படத்தை நோக்கி நகர நகர அந்தச் சிரிப்பு தேய்ந்தது. நடுவில், போனில் கதை கேட்டு எழுதின அந்தப் பெண்ணிடம் ஒரு முக்கியமான விஷயம் சொன்னேனே, அதை எங்கே காணோம் என்று அம்மா கேட்டாள். ஏதாவது விருது வாங்கிய கதையாக இருக்கும் என்று நினைத்துக் குட்டி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கண்ணாடிக் கூண்டுப் படத்துக்கு வந்ததும் அம்மா நின்றாள். சிரமப்பட்டுக் குனிந்தாள்.

"இது யாரு?"

"நீதாம்மா."

"நான் இல்லடி. சிவப்புக் குமிழ் வச்ச லீவர் இடது கையில இருக்கு. அது தூக்கி இறக்குற லீவர், வலது கைக்குத்தான் வரும். இவளை நம்பி விட்டா சரக்கு கப்பல்ல இறங்காது, கடல்லதான் இறங்கும்."

குட்டி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் முதலில் சரியாகத்தான் வரைந்தாள். அந்தப் படத்தில் அம்மா இடது பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பார்த்த உடனே ஆசிரியர் திருப்பச் சொன்னார். திருப்புவது கணினியில் ஒரு தட்டு. கண்ணாடியில் தெரிவது போல் இடம் வலமாகிவிடும். முகம் திரும்பியபோது கையும் சேர்ந்து மாறிப்போனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

எதற்காகத் திருப்பினீர்கள் என்று அம்மா கேட்டாள். குட்டி பொறுமையாக விளக்கினாள். படப் புத்தகத்தில் அது ஒரு வழக்கம். பிள்ளையின் கை வலது ஓரத்தைப் பிடித்துத்தான் தாளைப் புரட்டுகிறது. கதை அந்தத் திசையில்தான் போகிறது. அதனால் கதாநாயகியும் வலது பக்கம் பார்த்துத்தான் நிற்க வேண்டும், நடக்க வேண்டும், ஏற வேண்டும். அவள் இடது பக்கம் திரும்பினால் கதை பின்னால் போகிறது என்று பிள்ளைக்குத் தோன்றிவிடும். மற்ற ஐந்து பேரும் அப்படியேதான். மலை ஏறியவருக்கு மலையே இடதிலிருந்து வலதாகத்தான் உயர்ந்தது.

அம்மா உம் கொட்டிக் கேட்டாள். பிறகு முதல் படத்துக்கே திரும்பிப் போனாள். மறுபடியும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், இந்த முறை கேலி இல்லாமல். படியிறங்கும் அம்மா, பஸ் ஏறும் அம்மா, துறைமுக வாயிலைத் தாண்டும் அம்மா, ஏணி ஏறும் அம்மா. கடைசியில் மேசை மேலிருந்த வெள்ளைத்தாளுக்கு வந்து சேர்ந்தாள்.

"ஏண்டி, எல்லாப் பக்கத்துலயும் நான் போயிட்டே இருக்கேன்?"

வழக்கத்தைத்தான் இப்போது சொன்னேனே என்று குட்டி எரிச்சலோடு ஆரம்பித்தாள். அம்மா கையமர்த்தினாள்.

"வழக்கம் இருக்கட்டும். போனவ திரும்பி வரவே இல்லையா?"

குட்டிக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். அத்தனை வருஷமாக மூடி வைத்திருந்த பானை மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கிவிட்டது. "வந்ததை நான் பார்த்திருந்தாத்தானே வரைய முடியும்? நான் பார்த்ததெல்லாம் நீ போறதைத்தான். தெருமுனை வரைக்கும் உன் முதுகு. அதை வேணும்னா கண்ணை மூடிக்கிட்டு வரைஞ்சு தர்றேன்."

குட்டி ஜன்னலுக்குப் போனாள். தண்ணீர்க் குழாயைப் பார்த்தாள். திரும்பி வந்து ஒரு பென்சிலை எடுத்து, அதைச் சீவக் கூட முடியாமல் கீழே வைத்தாள். சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும் என்றும் தோன்றியது.

அம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெள்ளைத்தாளின் ஓரத்தில் ஒட்டியிருந்த அந்த இரண்டு வரிகளைப் படித்தாள். படித்து முடித்ததும் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

இதை யார் சொன்னது என்று கேட்டாள். நீதான் சொல்லியிருப்பாய், ஓடோடி வருவேன் என்று, என்றாள் குட்டி.

"ஓடோடி வந்தேன்னு சொன்னேன். எதுக்கு ஓடி வந்தேன்னும் சேர்த்துத்தான் சொன்னேன். முக்கியமான விஷயம்னேனே, அதுதான். அதை அந்தப் பொண்ணு நைசா முழுங்கிட்டா."

பிறகு அம்மா சொன்னது இதுதான். அந்தத் துறைமுகம் முழுக்கத் தேடினாலும் பெண்களுக்கு ஒரு கழிவறை கிடையாது. பெண்ணே இல்லாத இடத்தில் அதை யார் கட்டப் போகிறார்கள்? ஆண்கள் ஆளுக்கொரு தகர டப்பாவைக் கூண்டுக்குள் வைத்துச் சமாளித்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு அது முடியாது. அத்தனை பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணாடிக் கூண்டு அது. அதனால் சாயங்காலத்துக்குப் பிறகு அவள் தண்ணீரே குடிக்க மாட்டாள். நாக்கு ஒட்டிக்கொள்ளும், உதடு வெடிக்கும், அப்படியும் விடியற்காலைக்குள் வயிறு கல்லாகிவிடும். பஸ்ஸில் உட்கார மாட்டாள், நின்றுகொண்டே வருவாள். நிறுத்தத்தில் இறங்கினதும் ஒரே ஓட்டம். தெருவில் கோலிக்குண்டு மாதிரி உருண்டு வந்து, கதவைத் தள்ளி, செருப்போடேயே கழிவறைக்குள் போய் விழுவாள். அதன்பிறகு தண்ணீர். அலுமினியக் குவளையில் மொண்டு மொண்டு, நின்ற இடத்திலேயே, மூச்சு வாங்க வாங்கக் குடிப்பாள்.

"அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க வாசல் தெளிச்சுக்கிட்டே பார்ப்பாங்க. பெத்த பிள்ளையைப் பார்க்க என்னமா ஓடியாறா பாருன்னு உருகுவாங்க. நானும் இல்லன்னு சொல்லல. சும்மா வர்ற நல்ல பேரை எதுக்குக் கெடுத்துக்கணும்?"

குட்டிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளுக்கு வேறெதுவோ கேட்டுக்கொண்டிருந்தது. அரைத்தூக்கத்தில், போர்வைக்குள்ளிருந்து, இருட்டு போகாத நேரத்தில். கதவு சுவரில் மோதுகிற சத்தம். தடதடவென்று ஓடும் செருப்பு. கொஞ்சம் கழித்து மடக்கு மடக்கென்று யாரோ தண்ணீர் குடிக்கிற சத்தம், குவளையைச் சமையல் மேடையில் வைக்கும்போது ணங்கென்று ஒரு ஒலி. தினமும் கேட்ட சத்தம். அது கேட்டதும் அவள் புரண்டு படுத்து நன்றாகத் தூங்கிவிடுவாள். ஏன் என்று யோசித்ததே இல்லை.

"குவளையை ணங்குன்னு வைப்பே இல்ல?" என்றாள். "அது நீயா? நான் அப்பான்னு நெனச்சேம்மா."

"உங்கப்பா என்னைக்குடி ஓடியிருக்காரு? வீடு பத்தி எரிஞ்சாக்கூட ஊசியைப் பத்திரமா குத்தி வச்சுட்டுத்தான் எழுந்திருப்பாரு."

இப்போது சிரிப்பு வந்தது; கூடவே கண்ணும் கலங்கியது. அப்பா போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. இருந்திருந்தால் இதைக் கேட்டு அவர்தான் முதலில் சிரித்திருப்பார்.

குட்டி தரையில் அம்மாவின் காலருகே உட்கார்ந்தாள். உட்கார்ந்தும் விரல்கள் சும்மா இல்லை. கிழித்த தாள் ஒன்றை எடுத்துச் சுருட்டின, பிரித்தன, மறுபடி சுருட்டின. கேட்கலாமா வேண்டாமா என்று சுருட்டிக்கொண்டிருந்தவள் கடைசியில் கேட்டுவிட்டாள்.

"தண்ணி குடிச்சதுக்கு அப்புறம் என்னை வந்து பார்ப்பியா?"

அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"சில நாள் வந்து பார்ப்பேன். போர்வையை இழுத்து விடுவேன். சில நாள் கண்ணு சொருகிடும், நேரா போய் விழுந்துடுவேன். தினமும் பார்த்தேன்னு பொய் சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"இன்னொண்ணும் சொல்லிடறேன். எனக்கு அந்த வேலை பிடிச்சிருந்துச்சு. மேல ஏறி உட்கார்ந்துட்டா ஊரே எனக்குக் கீழ. நீ ஞாபகம் வர மாட்டே, உங்கப்பா ஞாபகம் வர மாட்டார், கொக்கியும் சரக்கும்தான். கஷ்டப்பட்டேன், குடும்பத்துக்காகத்தான் போனேன்னு அந்தப் பொண்ணு எழுதியிருக்கா. அது பாதிதான். பிடிச்சுத்தான் போனேன். அதுக்காக உன்னைப் பிடிக்கலன்னு ஆயிடுமா?"

குட்டிக்கு வலித்தது. வலித்ததோடு, பல வருஷமாகத் தொண்டையில் நின்றிருந்த ஒரு முள் அசைந்து கொடுத்தது போலவும் இருந்தது. வரைகிறபோது அவளுக்கும் யாருடைய ஞாபகமும் வருவதில்லை. போன் அடித்தால் காதில் விழுவதில்லை. இந்த அம்மாவின் பிள்ளை வேறெப்படி இருக்கும்? தெருமுனையில் திரும்பிப் பார்க்காமல் போன அந்த முதுகின் மேல் அவளுக்கு இன்னும் கோபம் இருந்தது. ஆனால் அந்த முதுகு பிறகு திரும்பி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, தெருவில் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறது. எதற்காக ஓடியிருந்தால் என்ன? ஒவ்வொரு நாளும் வந்திருக்கிறது. அவளும் ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டுவிட்டுத்தான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

எழுந்து போய் ஆசிரியருக்குப் போன் போட்டாள். வண்ணம் மட்டும் பாக்கி என்றது பொய், படமே இன்னும் வரையவில்லை என்று முதலில் சொன்னாள். கூண்டுப் படத்தைப் பழையபடி திருப்பியாக வேண்டும் என்றாள். பிறகு அந்த இரண்டு வரிகளை மாற்ற வேண்டும், அம்மா எதற்காக ஓடி வந்தாள் என்பதை அப்படியே எழுத வேண்டும் என்றாள். ஆசிரியர் பதறிவிட்டார். குழந்தைகள் புத்தகத்தின் முடிவில், நெஞ்சு நெகிழ வேண்டிய இடத்தில், கழிவறையா? பெற்றோர் என்ன சொல்வார்கள், பள்ளிகள் வாங்குமா? குட்டி கூடத்துக்குள் நடந்துகொண்டே கேட்டாள், நடந்துகொண்டே பதில் சொன்னாள்.

"ஆறு வயசுப் பிள்ளைக்கு இதைவிட நல்லாப் புரியிற கஷ்டம் வேற என்ன இருக்கு, சொல்லுங்க? வகுப்புல ஒண்ணுக்குப் போகணும்னு கை தூக்கிட்டு உட்கார்ந்திருக்குற எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், எங்கம்மா எவ்வளவு பெரிய ஆளுன்னு."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது, அதன் பின்னால் அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு. சரி, கதாநாயகி வலது பக்கமாவது பார்ப்பாளா என்று ஆசிரியர் கேட்டார். மாட்டாள் என்றாள் குட்டி. புத்தகம் முழுக்கப் போனவள் இந்த ஒரு விரிப்பில் திரும்பி வருகிறாள். இடது பக்கம் பார்த்துத்தான் வருவாள். கதை பின்னால் போகிறது என்று பிள்ளைக்குத் தோன்றினால் தோன்றட்டும், வீடு அங்கேதான் இருக்கிறது. ஆசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நாளைக்குள் அனுப்புங்கள், பார்த்துவிட்டு வரிகளை நானே மாற்றி எழுதுகிறேன் என்றார்.

இப்போது வரைய வேண்டியதுதான். புதுத் தாளை விரித்துப் பென்சிலை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. சத்தம் தெரிகிறது, உருவம் தெரியவில்லை. அம்மா கதவைத் தள்ளும்போது எந்தத் தோளால் தள்ளுவாள்? பை எங்கே தொங்கும்? பார்க்காததை எப்படி வரைவது?

திரும்பினாள். மேசையிலிருந்து பார்த்தால் வாசல் வலது கைப் பக்கம். வாசலில் நுழைகிறவர்கள் இடது பக்கம் பார்த்துத்தான் வர முடியும்.

"அம்மா, கொஞ்சம் வெளியில போயிட்டு உள்ள வாயேன். வேலையிலேர்ந்து வர்ற மாதிரி."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மூன்று மாடி ஏறி வந்த கிழவியை நடிக்கவும் சொல்கிறாயா என்று முணுமுணுத்தாள். ஆனால் எழுந்தாள். பையைத் தேடித் தோளில் மாட்டினாள், செருப்பைப் போட்டுக்கொண்டாள், வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கதவு படாரென்று திறந்து சுவரில் மோதியது.

அம்மா வலது தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்திருந்தது, ஒரு கை பையை விலாவோடு இறுக்கியிருந்தது, இன்னொரு கை புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தது. முட்டி வலியில் ஓட்டம் நொண்டியடித்தது, ஆனால் ஓட்டம்தான். கண்கள் யாரையும் பார்க்கவில்லை. நேரே உள்ளே, கழிவறை இருக்கும் திக்கில் குத்தி நின்றன. குட்டியின் கை தானாக ஓடியது. தோள், பை, கணுக்கால், செருப்பு.

இன்னொரு தடவை என்றாள். அம்மா பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள், வந்தாள். இந்த முறை முகமும் கிடைத்துவிட்டது. தாளின் இடது ஓரத்தில் குட்டி ஒரு கட்டிலைப் போட்டாள், போர்வைக்குள் ஒரு பிள்ளையைப் போட்டாள். பிள்ளையின் கண் மூடியிருந்தது. காது மட்டும் விழித்திருந்தது. படம் முடிந்துவிட்டது. இனி வண்ணம் மட்டும்தான் பாக்கி, இந்த முறை நிஜமாகவே.

"ஆச்சா?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள் அம்மா.

"இன்னும் ஒரே ஒரு தடவை."

"எத்தனை தடவைடி வரணும் நான்?" என்று சலித்துக்கொண்டே அம்மா பையை மறுபடியும் தோளில் ஏற்றினாள். வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

குட்டி பென்சிலைக் கீழே வைத்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல், கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.